பெரிய எண் போட்ட ஐபீஸில் தொடங்குங்கள்

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் பலர் முதல் இரவிலேயே சோர்ந்துபோகிறார்கள். "ஒன்றுமே தெரியலையே" என்பவரிடம் எந்த ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையை, மாட்டினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 4 மி.மீ., கூடவே உருப்பெருக்கத்தை இன்னும் கூட்டும் பார்லோ வில்லையும் இருக்கும்.

தொலைநோக்கியின் குவியத் தூரத்தை (ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) ஐபீஸின் குவியத் தூரத்தால் (அதன்மேல் போட்டிருக்கும் எண்) வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் 28 மடங்கு காட்டும். 4 மி.மீ.யுடன் 3 மடங்கு பார்லோ சேர்ந்தால் 525 மடங்கு! பெட்டியில் பெரிதாக அச்சடிப்பது இதைத்தான். ஆனால் இந்த விட்டத்துக்கு 140 மடங்கைத் தாண்டினால் மங்கல்தான் மிஞ்சும். வானத்தின் அகலமும் சுருங்கிவிடும். 28 மடங்கில் மூன்று முழுநிலா அகலத்துக்கு வானம் தெரியும். 525 மடங்கில் நிலாவிலேயே ஒரு துண்டுதான். அந்தத் துளிக்குள் நட்சத்திரத்தை எப்படிப் பிடிப்பது?

அடுத்த தவறு, குறிபார்க்க உதவும் சிறிய துணைத் தொலைநோக்கியான ஃபைண்டரை இருட்டில் சரிசெய்யப் பார்ப்பது. பகலிலேயே தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைத் தொலைநோக்கியின் நடுவில் வைத்து, ஃபைண்டரிலும் அதே உச்சி நடுவில் வரும்வரை திருகுகளைத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும். ஐபீஸில் மாட்டும் சிறிய சூரிய வடிகட்டியை நம்பாதீர்கள். சூட்டில் அது விரிசல் விடும்.

சரி, மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். வால் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. 25 மி.மீ.யில் இருவரும் சேர்ந்தே தெரிவார்கள். குவியத் திருகைத் திருப்பி நட்சத்திரத்தை வட்டத் தட்டாக ஆக்கிவிட்டு, பெரிதாகத் தெரிகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. அது குவியம் தப்பிய உருவம். எந்த உருப்பெருக்கத்திலும் நட்சத்திரம் புள்ளிதான். எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்குங்கள்.

வசிஷ்டரை நடுவில் கொண்டுவந்த பிறகே 10 மி.மீ.க்கு மாறுங்கள். வெறும் கண்ணுக்கு ஒற்றையாக இருந்த வசிஷ்டர் தெளிவாக இரண்டாகப் பிரிவார். கல்யாணத்தில் காட்டும் ஜோடிக்குள்ளேயே இன்னொரு ஜோடி! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

அப்புறம், அவர் மெல்ல நகர்ந்து பார்வையிலிருந்து வெளியேறுவார். பூமி சுழல்கிறது, அவ்வளவுதான். ஸ்டாண்டை இறுக்கிப் பயனில்லை. நட்சத்திரம் உள்ளே நுழையும் விளிம்பில் அவரை நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நடுவுக்கு வருவதற்குள் அதிர்வும் அடங்கிவிடும்.