மானாவாரி வேர்க்கடலையில் வேர்முடிச்சுகளைப் பார்ப்பதும் காப்பதும்

சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்திலும், எல்லைக்கு இப்பால் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலும் செம்மண் கொல்லைகளில் வேர்க்கடலை போடுவோர், விதைப்பு நெருங்கும்போது, வேரில் முடிச்சு உண்டாக்கிக் காற்றின் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரப் பொட்டலம் வாங்கலாமா என்று கேட்பது வழக்கம். போன பருவத்துச் செடியின் வேரைத் தோண்டிப் பார்த்தீர்களா என்பதே என் முதல் கேள்வி. பார்க்காதவர்கள் இந்தப் பருவத்திலாவது பார்த்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை தெரிந்து செலவழிக்கலாம்.

விதைத்த 35 முதல் 40 நாட்களுக்குள், மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாளாகப் பார்த்து, கொல்லையின் நான்கைந்து இடங்களில் செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்திற்கு மண்வெட்டியால் கொத்தி, மண்கட்டியோடு தூக்க வேண்டும். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேர் வெறுமையாக வருவதைப் பார்த்து முடிச்சே இல்லை என்று ஏமாந்துபோவோம். கட்டியை வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக அலசினால், பக்கவேர் கிளைக்கும் இடங்களில் சிறு உருண்டைகள் தெரியும். பல பயறு வகைகளில் நுண்ணுயிர் வேரின் மெல்லிய மயிர் போன்ற வேர்த்தூவியின் வழியாக நுழைகிறது. வேர்க்கடலையிலோ பக்கவேர் வெளிவரும்போது உண்டாகும் வெடிப்பின் வழியாக நுழைவதால், முடிச்சும் அந்த இடத்திலேயே அமைகிறது. தெலுங்கில் இதை ‘வேரு புடிபெலு’ என்பார்கள்.

உருண்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி பிராணவாயு மிகுந்தால் கெட்டுவிடும் என்பதால், அந்த வாயுவை அளவோடு கொண்டுசேர்க்க நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிவப்புப் பொருளை முடிச்சு தனக்குள் வைத்திருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது குடியேறிய நுண்ணுயிர் உதவாத வகை. பச்சையோ பழுப்போ ஆனால் அதன் காலம் முடிந்தது. மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழு தாக்கிய வேரிலும் வீக்கம் உண்டு. ஆனால் அது வேரே தடித்து உண்டாவது, விரலால் தட்டினால் உதிராது. முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பதால் எளிதில் கழன்றுவிடும்.

தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, துவரை, கொள்ளு ஆகியவற்றோடு கூட்டு வாழும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வேர்க்கடலைக்கும் உதவுகின்றன. ஆகவே இவை மாறி மாறி வந்த கொல்லையில், தோண்டிப் பார்த்து ஏராளமான சிவப்பு முடிச்சுகளைக் கண்டவர், பொட்டலத்தால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நெடுங்காலம் கேழ்வரகு மட்டுமே போட்ட நிலம், புதிதாகத் திருத்திய மேட்டு நிலம், மட்கு குறைந்து மணல் மிகுந்த செம்மண் ஆகியவற்றில்தான் அது பயன் தரும். சித்திரை, வைகாசி வெயிலில் வெறுமையாகக் கிடக்கும் மேல்மண் கொதிக்கும்போது நுண்ணுயிர்கள் பெருமளவில் மடிகின்றன. களியும் மட்கும் உள்ள மண்ணில் அவற்றுக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது.

வாங்குவதானால் பயிரின் பெயரையும் காலாவதி தேதியையும் பாருங்கள். கொண்டைக்கடலைக்கான பொட்டலம் வேர்க்கடலைக்கு உதவாது. ஒருமுறை, கடை வாசலில் வெயில் படும் பலகையிலிருந்து எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை அறியாமல் வாங்கி வந்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது, முடிச்சுதான் வரவில்லை. உயிருள்ள பொருள் என்பதால், விதைக்கும் நாள் வரை வீட்டில் குளிர்ந்த, இருண்ட மூலையில் வைக்க வேண்டும்.

பரிந்துரை அளவு எக்டேருக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பொட்டலம் மூன்று. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஒரு பொட்டலத்திற்குச் சற்று மேல். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியிலோ வெல்லக் கரைசலிலோ பொடியைக் குழைத்து, விதையின் மேல் தெளித்துக் கைகளால் மெல்லப் புரட்ட வேண்டும். வேர்க்கடலைப் பருப்பின் தோல் மெல்லியது. கரைசல் மிகுந்தாலோ அழுத்திப் பிசைந்தாலோ தோல் உரிந்து முளைப்பு கெடும். பிறகு நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். திராம் போன்ற பூசணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்து, 24 மணி நேரம் கழித்தே இதைக் கலக்க வேண்டும்.

மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைப்பவர்கள் இந்த விதைநேர்த்தியைச் செய்யாமல் இருப்பதே மேல். சூடான, காய்ந்த மண்ணில் விதையோடு கிடக்கும் நுண்ணுயிர் மழை வருவதற்குள் செத்துவிடும். நல்ல மழை பெய்து ஈரம் இறங்கிய பின், காலையிலோ மாலையிலோ விதைப்பதே பாதுகாப்பு. விதையில் கலக்க முடியாமல் போனால், எக்டேருக்கு 2 கிலோ நுண்ணுயிர் உரத்தை 25 கிலோ மட்கிய தொழுவுரம், 25 கிலோ மண் ஆகியவற்றோடு கலந்து, விதைப்பதற்குச் சற்று முன் தூவலாம்.

யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு கட்டுவது குறையும். செடிக்கு வெளியிலிருந்தே தழைச்சத்து கிடைக்கும்போது அது விருந்தாளியை வளர்ப்பதில்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் முடிச்சு சிறுக்கும் என்பதால் சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக இடுவதை விடக்கூடாது.

நடுவில் மழை தவறினால், இலை வாடுவதற்கு முன்பே முடிச்சின் வேலை மந்தமாகும். மழை திரும்பியதும் செடி சில நாட்கள் வெளிறி நிற்கலாம். உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காமல், இரண்டு செடியைத் தோண்டி உட்புறச் சிவப்பு மீள்கிறதா என்று பாருங்கள்.

வேர்க்கடலையைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வேறு வழியில்லை. ஆனால் அதன்பின் மிஞ்சிய ஈரத்தில் கொள்ளு விதைத்தால், அதை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்தெடுங்கள். மண்ணில் தங்கும் முடிச்சுகள் மட்கும்போது அவற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தக் கொல்லைக்கே திரும்பும்.