கணினித் திரையில் கோடும் கலங்கலுமா? புது கிராபிக்ஸ் கார்ட் வாங்குமுன் பிழை எங்கே என்று பாருங்கள்

முதலில் மொனிட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி அதன் மெனுவைத் திறவுங்கள். அதை மொனிட்டரே வரைகிறது. மெனுவும் சேர்ந்து நெளிந்தால் பழுது மொனிட்டரில்தான். மெனு தெளிவாக இருந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனில் பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் பழுது கார்ட் (படத்தை உருவாக்கும் பலகை), ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) அல்லது ட்ரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்). இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள்.

நீல முனையுள்ள விஜிஏ கேபிளில் 15 ஊசிகள். சிவப்புக்கான ஊசி தொடாவிட்டால் திரை நீலப்பச்சையாகும். நீலம் போனால் மஞ்சள். பச்சை போனால் மெஜந்தா, அதாவது ஊதா கலந்த சிவப்பு. வளைந்த ஊசியை மெல்ல நிமிர்த்தி, இரண்டு பக்கத் திருகையும் இறுக்குங்கள்.

திருகோணமலையில் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது உப்புக்காற்றை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலருகே இருக்கும் பெட்டியில், மாரி ஈரமும் சேர்ந்தால் ரேமின் தொடுமுனைகள் மங்கிவிடும். தனி கார்ட் இல்லாத கணினி படத்துக்கும் ரேமையே பாவிப்பதால், அழுக்கு ரேம் திரையில் கோடாகவும் தெரியலாம். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்தபின் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தனி கார்டுக்கும் இதே சுத்தம்தான்.

பயோஸ் திரை (கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் வருவது) சுத்தமாக இருந்து, விண்டோஸ் வந்தபின் மட்டும் குழம்பினால் ட்ரைவரைப் பாருங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், B நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் கிராபிக்ஸ் ட்ரைவர் மீளத் தொடங்கும். திரும்பவும் வந்தால் சேப் மோடில் (அவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) போய்ப் பழைய ட்ரைவரை நீக்கி, கார்ட் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள். ரிப்ரெஷ் ரேட்டையும் (விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 60 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள்.

அரை மணிநேரம் கேம் விளையாடிய பிறகே புள்ளிகள் தோன்றினால் அது சூடு. கச்சான் வீசும் மாதங்களில் இது கூடும். விசிறித் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தேர்மல் பேஸ்டை (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பயோஸிலேயே கட்டம் கட்டமாகப் புள்ளி தெரிந்தால் கார்டின் சொந்த நினைவகம் பெரும்பாலும் போய்விட்டது. சூடேற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். அந்தப் பழுது திரும்ப வரும். மதர்போர்டில் படம் தரும் வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டுக் கேபிளை அதிலேயே மாட்டி வேலையைப் பாருங்கள்.