பள்ளிக்கூட மாடியில் சோலார்: எங்கே சறுக்குகிறது?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. அதற்கப்புறம் டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜனங்கள் ஒதுங்கிய இடங்களில் பள்ளிக்கூடங்களும் உண்டு. அதைப் பார்த்தவர்கள் ‘நம்ம ஸ்கூலுக்கு ஒரு சோலார் போட்டுடணும்’ என்று சொல்வதில் வியப்பில்லை. போட்டும் விடுகிறார்கள். அடுத்த மழையில் கரண்ட் போனதும், ‘சோலார் இருந்தும் ஏன் சார் ஃபேன் ஓடல?’ என்று போன் வரும்.

ஓடாது. மாட்டியது ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் இபி லைனோடு சேர்ந்தே ஓடும் வகை. இபி லைன் செத்ததும் அதன் இன்வெர்ட்டர், பேனல் தரும் மின்சாரத்தை ஃபேன், லைட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி, தானாக நின்றுவிடும். பழுது இல்லை, அப்படி நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் பாய்ந்துகொண்டே இருந்தால், கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் உயிருக்கு யார் பொறுப்பு? ஆகவே உச்சிவெயில் கொளுத்தினாலும் ஒரு பல்புகூட எரியாது. கரண்ட் பில்லைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஆன்-கிரிட் நல்ல தேர்வு, விலையும் குறைவு. சாயங்காலம் வகுப்பு நடக்க வேண்டும், புயல் நாளில் ஊரே வந்து போன் சார்ஜ் போட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் தேவை. மொத்தப் பள்ளிக்கும் வேண்டாம். இரண்டு வகுப்பறையைத் தனி லைனாகப் பிரித்துக் கொடுத்தாலே போதும். கொட்டேஷன் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை கிலோவாட்’ அல்ல, ‘கரண்ட் போனா எது எரியும்’ என்பதுதான்.

கிலோவாட்டிலும் ஒரு கோளாறு உண்டு. நாலு வகுப்பறை, அறைக்கு இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி டியூப் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். எட்டு ஃபேனுக்கு 600, டியூப்புக்கு 160, ஆக 760 வாட். ஆறு மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். ‘அப்போ ரெண்டு கிலோவாட் போட்டுடுவோம்’ என்பார்கள். அதே ஃபேன்களை பிஎல்டிசி ஃபேனாக, அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் ஃபேனாக, மாற்றினால் ஒன்றுக்குச் சுமார் 30 வாட். கணக்கு இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும், ஒரு கிலோவாட்டே போதும். பேனலுக்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஃபேனுக்குத் திறப்பு விழா நடத்த முடியாதே!

இனி பேட்டரி. நான் பார்த்தவரை பள்ளிக்கூட சோலார் சாவது மாடியில் அல்ல, மாடிப்படிக்குக் கீழே. ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். படிக்கட்டுக்கு அடியில் நாலு டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் வகை), அவற்றின் மேல் சத்துணவு அரிசி மூட்டை. மூட்டையை இறக்கி மூடியைத் திறந்தால் உள்ளே தகடு காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. ‘தண்ணி ஊத்தினேனே’ என்றார் ஆயா. பாவம், ஊற்றியிருக்கிறார்: போர் தண்ணீர்! அந்த உப்புத் தண்ணீர் தகட்டைத் தின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் குறித்த அளவு வரை. ஆசிட் ஊற்றவே கூடாது. இதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்தானே! மாட்டிவிட்டுப் போனவர்கள் ஹெச்எம்மிடம் ஒரு ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். காற்று புகாத மூலை அதற்கு ஆபத்தான இடம். அனலும் ஆகாது, தகரக் கொட்டகைக்குள் வைத்தால் ஆயுள் பாதியாகக்கூடக் குறையும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்தால் ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே என்று கணக்கு. அதை முழுக்கக் காலி செய்யாமல் பாதியோடு நிறுத்தினால்தான் நாலைந்து வருஷம் உழைக்கும்.

நாலைந்து வருஷம் கழித்து? பேனல் 25 வருஷம் வரும், பேட்டரி வராது. புது பேட்டரிக்குக் காசு எங்கிருந்து வரும் என்று முதல் நாளே பேசாதது பெரிய தவறு. ராஜஸ்தானில் திலோனியாவை மையமாகக் கொண்ட பேர்ஃபுட் காலேஜ் இதை வேறு மாதிரி யோசித்தது. ஊரில் ஒரு குழு இருக்கும். வீட்டுக்கு வீடு மாதாமாதம் பணம் கட்டும். எவ்வளவு? முன்பு மண்ணெண்ணெய், மெழுகுவர்த்திக்குச் செலவான அளவுதான். அந்தப் பணத்தில் பழுதுபார்ப்பு நடக்கும். பழுது பார்ப்பது அதே ஊர்ப் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உண்டு. பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளிகள் சோலார் விளக்கில் நடந்ததும் அங்கேதான். நம்மிடம் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, கிராம சபை இருக்கிறது. பேட்டரிக்கென்று தனி வங்கிக் கணக்கு உள்ள பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரையில் வந்து அளப்பவருக்கு மத்தியானத்தில் நிழலே தெரியாது, சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். தெற்குப் பக்கத்து வேம்பின் நிழல் பாதி மாடிக்கு நீளும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் அடிவாங்கலாம். இதற்காக வேம்பை வெட்டாதீர்கள், பேனலைத் தள்ளிப் போடுங்கள். தட்டோடு பதித்த தளத்தைத் துளைத்து போல்ட் இறக்குவதும் வேண்டாம். ஐப்பசியில் வகுப்பறைக்குள் ஒழுகும். கடலோர ஊர் என்றால் நட்டு, போல்ட் துருப்பிடிக்கிறதா என்று புயல் பருவத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

பேனலைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் துடைக்க வேண்டும். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். கோடை விடுமுறையில்தான் தூசி அதிகம், பேட்டரித் தண்ணீரும் சீக்கிரம் வற்றும், பள்ளியோ பூட்டிக் கிடக்கும். ஆகவே பேட்டரி அறைச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து, எதிர்வீட்டில் நம்பகமானவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். கூடவே இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டரும்.