சந்தை நாளில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனிலிருந்து காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய பழைய சந்தை ஊர்களில், சஃபோக்கில் இருக்கும் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் புதியவர்களுக்கு வசதியானது. எல்லாம் நடக்கும் தூரம்தான். ஆனால் பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். இங்குள்ள பழைய கிறிஸ்தவத் துறவிகள் மடத்தின் இடிபாடுகளில் காலையைக் கழித்துவிட்டு மூன்று மணிக்குச் சந்தைக்குப் போனால், கடைக்காரர்கள் கூடாரத்தைப் பிரித்து வேனில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். காலையில் சந்தை, பிற்பகலில் இடிபாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. கிழமை

சந்தை கூடுவது புதனும் சனியும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். சந்தை இல்லை என்பதோடு, தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் ஏற்றிவிடும் வாய்ப்பும் அன்றைக்குத்தான் அதிகம்.

2. ரயில்

லண்டனிலிருந்து போக ஒரு இடத்தில் வண்டி மாற வேண்டும். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி இப்ஸ்விச்சிலோ ஸ்டோமார்க்கெட்டிலோ மாறலாம். கேம்பிரிட்ஜ் வழியாகவும் போகலாம். எப்படிப் போனாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கேம்பிரிட்ஜுக்கும் பெரிக்கும் இடையே ஓடுவது மணிக்கு ஒரு வண்டி. அதனால் முதல் ரயில் பத்து நிமிடம் தாமதமானால் உங்களுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். செயலி ஐந்து நிமிட இணைப்பைக் காட்டினால் அதை விட்டுவிட்டு, பதினைந்து நிமிடமாவது இடைவெளி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வழித்தடத்தைப் படித்துப் பாருங்கள். இப்ஸ்விச் வழி என்று போட்டிருந்தால் கேம்பிரிட்ஜ் வழியாகத் திரும்ப முடியாது. புதன்கிழமை போவதானால், மலிவான ஆஃப்-பீக் டிக்கெட் காலை நெரிசல் நேரத்தில் செல்லாது. சனிக்கிழமை அந்தத் தொல்லை இல்லை. ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

3. நிலையத்திலிருந்து சந்தைக்கு

நார்த்கேட் தெரு வழியாகக் கால் மணி நேரம் நடந்தால் ஏஞ்சல் ஹில் என்ற பெரிய திடல் வரும். இடப்பக்கம் மடத்தின் வாயில் கோபுரம் உள்ளே கூப்பிடும். இப்போது நுழையாதீர்கள். வலப்பக்கம் ஏறும் ஆபிகேட் தெருவில் போனால் பட்டர்மார்க்கெட்டும் கார்ன்ஹில்லும். சந்தை அங்கேதான்.

4. சந்தையில்

பத்தரைக்குள் சேர்ந்துவிட்டால் நல்லது. பெரும்பாலான கடைகளில் கார்டு வாங்குகிறார்கள், ஆனாலும் சில்லறையாக இருபது பவுண்ட் கையில் இருக்கட்டும். விலைப் பலகையில் கிலோ கணக்கா, பவுண்டு எடைக் கணக்கா என்று பாருங்கள். ஒரு பவுண்டு எடை 454 கிராம்தான். கிண்ணக் கணக்கில் விற்கும் பழத்தை வாங்கும்போது அடியில் இருப்பதையும் ஒரு பார்வை பாருங்கள். பேரம் பேசும் பழக்கம் இங்கே இல்லை. கனமானதைக் கடைசியாக வாங்குங்கள், நாள் முழுக்கத் தூக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கார்ன்ஹில் ஓரத்தில் நிற்கும் மாய்சஸ் ஹால் 1180 வாக்கில் கட்டிய கல் வீடு, இப்போது அருங்காட்சியகம். கட்டணம் உண்டு. 1828-ல் இந்த ஊரில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கார்டரின் தோலில் அட்டை போட்ட புத்தகம் உள்ளே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். பக்கத்துச் சந்தில் நட்ஷெல் என்ற மதுக்கடை, உள்ளே சுமார் நாலரை மீட்டருக்கு இரண்டு மீட்டர். கூரையிலிருந்து காய்ந்த பூனை ஒன்று தொங்கும். எட்டிப் பார்த்தால் போதும், சாப்பாட்டுக்கு வேறு இடம் தேடுங்கள்.

மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குள் முடிப்பது உத்தமம். பல பப்களில் இரண்டு, இரண்டரைக்கே சமையலறையை மூடிவிடுவார்கள். உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு கவுன்ட்டரில் போய்ச் சொல்ல வேண்டும்.

5. மடம்

இப்போது ஏஞ்சல் ஹில்லுக்கு இறங்கி வாருங்கள். 1327-ல் மடத்தின் ஆதிக்கத்தை எதிர்த்து ஊர்மக்கள் கலவரம் செய்து பழைய வாயிலை நொறுக்கினார்கள். அதற்குப் பிறகு கட்டியது இந்தக் கோபுரம். சிலைகளுக்கான மாடங்களின் பின்சுவரில் அம்பு எய்யும் துளைகள் இருக்கின்றன. ஊர் மீது துறவிகளுக்கு அதற்குமேல் நம்பிக்கை இல்லை என்பது புரியும்.

உள்ளே தோட்டம், இலவசம். மூடும் நேரம் பருவத்துக்குத் தக்கபடி மாறும், குளிர்காலத்தில் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள். வாயிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நுழையுங்கள். 869-ல் டேனியர்கள் கொன்ற மன்னர் எட்மண்டின் சமாதிக்காக எழுந்த தேவாலயம் இங்கே இருந்தது, நீளம் 150 மீட்டருக்கு மேல். மிஞ்சிய தூண்கள் ஏன் உருவமற்ற கற்குவியல் போல நிற்கின்றன என்றால், 1539-ல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடியபின் மேலே ஒட்டியிருந்த செதுக்கிய கல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இருப்பது சுண்ணச் சாந்தில் பதித்த ஃபிளின்ட் கல் மட்டும். கிட்டே போனால் கல் உடைந்த பரப்புகள் கண்ணாடி போலக் கறுப்பாக மின்னும், ஓரத்தில் வெள்ளைத் தோல் தெரியும். மேற்குப் பக்கம் அந்த இடிந்த சுவருக்குள்ளேயே வீடுகள் கட்டிக் குடியிருக்கிறார்கள். திரைச்சீலை ஜன்னலுக்கு மேல் 12-ஆம் நூற்றாண்டு! மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

நேரமிருந்தால் செயின்ட் மேரி தேவாலயம். ஹென்றியின் தங்கையும் பிரான்ஸின் ராணியுமான மேரி டியூடரின் (இறப்பு 1533) கல்லறை அங்கே இருக்கிறது; தலையை நிமிர்த்தினால் மரக்கூரையில் தேவதைகள்.

6. திரும்புதல்

ஏஞ்சல் ஹில்லிலிருந்து நிலையத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கேம்பிரிட்ஜ் வண்டியும் இப்ஸ்விச் வண்டியும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முதலில் வருகிறதே என்று ஏறிவிடாமல், டிக்கெட்டில் உள்ள வழி எது என்று பார்த்துப் பிளாட்பாரத்துக்குப் போங்கள்.