ஓசூரில் அடிதடி எங்கே குவிகிறது? க்யூஜிஐஎஸ்ஸில் ஹீட்மேப் போடும் முறை

ஓசூரில் அடிதடி, கத்திக்குத்து வழக்குகள் எந்தப் பக்கம் அதிகம் என்று வரைபடத்தில் பார்க்கப்போய் இரண்டு ராத்திரி முழித்தேன். நீங்கள் முழிக்க வேண்டாம். ஹீட்மேப் என்றால் புள்ளிகள் நெருங்கிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் வரைபடம். அதைப் போடும் மென்பொருள் க்யூஜிஐஎஸ், இலவசம். காசு கொடுத்து வாங்குவதெல்லாம் இந்த வேலைக்குத் தண்டச் செலவு.

1. எஃப்.ஐ.ஆருக்கு ஒரு வரி: தேதி, நேரம், சட்டப்பிரிவு, அட்சரேகை, தீர்க்கரேகை. ஆட்களின் பெயர் வேண்டாம். சி.எஸ்.வி. கோப்பாக ஏற்றுங்கள்.

2. நான் விழுந்த இடம் இதுதான். ஹீட்மேப் கருவியில் ஆரம், அதாவது ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் எவ்வளவு தூரம் கணக்கில் வரும் என்பது, 500 என்று போட்டேன். மீட்டர் என்பது என் நினைப்பு. லேயர் (ஏற்றிய புள்ளிகளின் அடுக்கு) டிகிரியில் இருந்ததால் கருவி 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. பூமியை ஒரு சுற்று சுற்றியும் 140 மிச்சம்! அதனால் முதலில் ரீப்ரொஜெக்ட் செய்து, அதாவது லேயரின் ஆயத்தொலைவு முறையை மாற்றி, மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். நம்ம பக்கத்தில் இதிலும் ஒரு வம்பு. யு.டி.எம். என்பது பூமியை ஆறு டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. அதன் மண்டலங்கள் 43-உம் 44-உம் பிரிகிற 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே ஓசூர், கிழக்கே கிருஷ்ணகிரியும் தருமபுரியும். ஓசூர் மட்டும் என்றால் 43-ஆம் மண்டலத்தின் எண் 32643. மாவட்டம் முழுக்க என்றால் 44-ஆம் மண்டலத்தின் 32644 ஒன்றையே வையுங்கள். ஓசூர்ப் பக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் போலப் பிசகும், போகட்டும்.

3. இப்போது ஆரம் 500. அப்புறம் 300, 1000 போட்டும் பாருங்கள். மூன்றிலும் சிவக்கிற இடத்தைத்தான் நான் நம்புவேன்.

4. ‘நியரெஸ்ட் நெய்பர்’ கருவியை ஓட்டுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள புள்ளி எவ்வளவு தூரம் என்று பார்த்து ஒரு குறியீடு தரும். குறியீடு 1-க்குக் கீழே போனால் புள்ளிகள் குவிந்திருக்கின்றன. உடனே குதிக்காதீர்கள். ‘பேருந்து நிலையம் அருகில்’ என்று எழுதிய வழக்கையெல்லாம் நான் ஒரே புள்ளியில் வைத்திருந்தேன். இடைவெளி பூஜ்ஜியம், குறியீடு தானாகச் சரிந்துவிட்டது. சரியான இடம் தெரியாத வழக்குகளை எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டி ஒப்பிடுங்கள். இன்னொன்று, பேருந்து நிலையத்தில் குடியிருப்பவர் குறைவு, வந்து போகிறவர்கள்தான் கூட்டம். வழக்கு எண்ணிக்கையைக் குடியிருப்போர் தொகையால் வகுத்தால் விகிதம் எகிறும்.

பின்சேர்க்கை: கொலை வழக்குகளை இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவான 302 என்று வடிகட்டியதில் குளறுபடி என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் கொலைக்குத் தண்டனை 103. 302 போட்டால் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு வழக்குகள் வந்து விழும். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றம் பிற்பாடு பதிவானாலும் பழைய பிரிவில்தான் இருக்கும். எனவே சட்டத்தின் பெயருக்கும் தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள்.