வயதானவர்களுக்கு மலச்சிக்கலா? முதலில் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் நர்ஸ் நான். "வயிறு போகல சிஸ்டர்" என்ற புலம்பல் கேட்காத வீடு குறைவு. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை உண்டு. பெண்களுக்கு இன்னும் அதிகம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் போகவில்லை என்று பதற வேண்டாம். வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போனாலோ, இறுகிப்போய் முக்க வேண்டியிருந்தாலோதான் மலச்சிக்கல்.

கடுக்காய்ப் பொடி வாங்க ஓடுவதற்கு முன் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், டிராமடால் போன்ற வலி மாத்திரை, வெராபமில் மாதிரி சில பிரஷர் மாத்திரைகள், எல்லாமே இறுக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அப்படியே அள்ளிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது என்பது பாதிக் காரணம்தான். மீதியை எந்தப் பாட்டியும் தானாகச் சொல்லமாட்டார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் கக்கூஸ் வெளியே. டிசம்பர் ராத்திரியில் பனி, வழுக்குகிற படி, தேயிலைக்குள் காட்டுமாடு நிற்குமோ கரடி நிற்குமோ என்ற பயம். அதனால் சாயங்கால டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். "குடிங்க குடிங்க" என்று அதட்டிப் பயனில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போடுங்கள். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து, பகலிலேயே குடிக்க வையுங்கள். இதயம், கிட்னி தொந்தரவு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும்.

பல் போனவர்கள் டீயும் வர்க்கியுமாகவே பொழுதை ஓட்டுவார்கள். பீன்ஸ், கேரட், அவரையைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். ராகிக் களி நல்லது. நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். படுக்கையில் இருப்பவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கூட்டவே வேண்டாம். கடையில் விற்கும் நார்ச்சத்து உமியான இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு அது ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

காலைப் பலகாரம் முடிந்ததும் குடல் தானே அசையும். அந்த நேரத்தில் உட்கார வையுங்கள், கதவைத் தட்டாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும்.

பல நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணியாகக் கசிந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கெட்டியாக அடைத்து, அதைச் சுற்றிக் கசிகிறதாக இருக்கலாம். ரத்தம் போனாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வயிறு உப்பி வாந்தியும் எடுத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-க்குப் போன் போடுங்கள்.