ஞாயிறு பள்ளியில் கீர்த்தனையும் பாமாலையும்: பிசகும் இடங்கள்

விடுமுறை வேதாகமப் பள்ளியில் 30 ஆக்‌ஷன் பாட்டு பாடிக் குதித்த பிள்ளை, பெரியவர்களோடு ஆராதனைக்கு வந்து நின்றால் முதல் கீர்த்தனையிலேயே வாய்மூடிக்கொள்கிறது. பிள்ளையின் மேல் குறையில்லை. கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனையையும் மேல்நாட்டு ராகத்தில் பாடுகிற பாமாலையையும் ஆண்டு விழாவுக்கும் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கும் எடுத்து, மேடை இறங்கியதும் மூடிவைத்துவிடுகிறோம். வாராவாரம் சபை பாடுகிற பாட்டாக அது பிள்ளையின் காதுக்குப் போவதே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள் செய்துவிடுகிற பல தவறுகளுக்கு வேர் இதுதான்.

எடுத்த எடுப்பிலேயே பாட்டுத் தாளை நீட்டிவிடுவார்கள். தாள் கைக்கு வந்ததும் பிள்ளையின் கண் எழுத்துக்குப் போய்விடும், காது வேலை செய்யாது. முதல் இரண்டு வாரம் தாளே வேண்டாம். ஆசிரியர் பல்லவியின் ஓர் அடியை இரண்டு முறை பாட வேண்டும். பிள்ளைகள் கேட்டால் போதும். பிறகு அவர்கள் பாடும்போது ஆசிரியர் பாடவே கூடாது. கூடச் சேர்ந்து பாடுகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் உங்கள் குரலுக்குள் அவர்கள் பிழை ஒளிந்துகொள்ளும். நீங்கள் நிறுத்திய நாளில்தான் எந்த எழுத்தில் சுரம் வழுக்குகிறது என்பது கேட்கும். பல்லவி நிலைத்தபின் அனுபல்லவி, அடுத்த வாரம் ஒரு சரணம். ஒரு நாளைக்கு 10, 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆயரிடமும் பாடகர் குழுவை நடத்துகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லி, அந்த மாதம் அதே பாட்டை ஆராதனையிலும் வைக்கச் செய்யுங்கள். மாதம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 12. 5 வயதில் சேர்ந்து 14 வயதில் முடிக்கிற பிள்ளை, மறந்தது போக 100 பாட்டோடு வெளியே வரும்.

அடுத்தது சுருதி. ஆண் ஆசிரியர் தமக்கு வசதியான 1 கட்டை சுருதியில் (கீபோர்டின் ‘சி’) ஆரம்பிப்பார். பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே ஏறிக் கத்துவார்கள். இல்லையென்றால் அவர் குரலுக்கே இறங்கி முனகுவார்கள். கீர்த்தனைக்கு 5 முதல் 6 கட்டைக்குள் வைத்தால் பிள்ளைகளின் தொண்டை தாங்கும். பாமாலை ராகமானால் கீபோர்டின் நடு ‘சி’யில் தொடங்கி அடுத்த ஸ்தாயியின் ‘டி’ வரை போதும். புத்தகத்திலுள்ள ராகம் அதைத் தாண்டினால் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கி இறக்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, “சத்தமா பாடுங்க” என்று சொல்லவே சொல்லாதீர்கள். சத்தம் கேட்டால் பிள்ளை கத்தத்தான் செய்யும். கத்தினால் சுருதி விலகும், பத்து நிமிடத்தில் தொண்டை கட்டும். “வாயைத் திறந்து, எழுத்து தெரியப் பாடு” என்றாலே சத்தம் தானாக வரும்.

கீபோர்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டோ ரிதம் போட்டு நாலு தட்டில் எல்லாப் பாட்டையும் ஓட்டுவது பெரிய கெடுதல். ஆதி தாளப் பாட்டு எப்படியோ தப்பித்துவிடும். ரூபக தாளத்தின் மூன்று தட்டும் மிஸ்ர சாப்பின் ஏழும் அதில் அடங்காமல் நசுங்கும். ஆனந்தபைரவி போன்ற ராகத்தில் உள்ள அசைவும் கீபோர்டின் கட்டையில் வராது, வாய்ப்பாட்டில்தான் வரும். பாடம் முழுவதும் வாயாலும் கைத்தாளத்தாலும் நடக்கட்டும். வாத்தியம் கடைசி வாரம் வந்தால் போதும்.

பல கீர்த்தனைகள் தாளத்தின் முதல் தட்டிலேயே எடுக்காமல், தட்டு விழுந்து அரை இடம் தள்ளி எழும்புகிறவை. பிள்ளைகள் தட்டோடு சேர்ந்து பாய்ந்துவிடுவார்கள், அதன்பின் பல்லவி முழுக்க முன்னால் ஓடும். இதற்கு ஒரு வழி உண்டு. தட்டு விழும்போது வாய்மூடி “ம்” சொல்லச் செய்து, அது முடிந்ததும் முதல் எழுத்தைப் பாடவிடுங்கள். ஏழெட்டுத் தடவைக்குள் பிடிபடும், பிறகு அந்த “ம்”மை மனதுக்குள் சொல்லப் பழக்கலாம்.

சொல்லுக்கு வருவோம். தமிழ் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்தில் பாட்டை அச்சடித்துக் கொடுக்கிறார்கள், திரையிலும் போடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வலியும் வளியும் அதில் ஒரே சொல்லாகிவிடும். இறையும் இரையும் ஒன்றாகும். குறில் எது நெடில் எது என்று தெரியாமல் பரம் பாரமாகும். பாமாலையில் இந்தக் குழப்பம் கூடும், ஏனென்றால் ராகம் மேல்நாட்டிலிருந்து வந்தது, நீட்டுகிற இடத்தில் சில நேரம் குறில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ராகத்தைத் தொடுமுன் அந்த அடியைச் செய்யுளாக மூன்று முறை வாசிக்கச் சொல்லுங்கள். சொல்லின் உருவம் நாவில் படிந்துவிட்டால் ராகம் இழுத்தாலும் பிள்ளை சொல்லை விடாது.

பொருள் சொல்லாமல் விடுவதும் தவறுதான். ‘தந்தானைத் துதிப்போமே’ கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தந்தானை’ என்றால் தந்தவனை. பிள்ளைகளின் காதில் விழுவதோ தந்தானே தானே என்கிற கும்மிச் சந்தம். “யார் தந்தார், எதைத் தந்தார்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பாடச் சொன்னால் முகமே மாறும். ஒரு வாரத்துக்கு இரண்டு சொல் விளக்கினால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

ஜெபங்களிலும் கவனம் வேண்டும். கர்த்தருடைய ஜெபத்தில், மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் “கடன்கள்” என்று வருகிற இடத்தைப் பல சபைகளின் ஆராதனை முறை “குற்றங்கள்” என்று சொல்கிறது. பிள்ளை வீட்டில் வேதாகமத்தைப் பார்த்துப் படித்துவிட்டு வந்து ஆலயத்தில் தடுமாறி நின்றுவிடும். சபையில் சொல்கிறபடியே மனப்பாடம் செய்யவைத்து, வித்தியாசம் ஏன் என்று 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் காணிக்கைக்கு முன் சமாதானம் பகிர்கிறோம். அதைப் பிள்ளைகள் கைகுலுக்கலாக்கிவிடுகிறார்கள். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாக வந்துசேர்கிறது. அதனால் தனக்கு வருமுன் பிள்ளை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. வகுப்பில் ஒரு பெஞ்சை நிரப்பி இரண்டு முறை செய்துபார்த்தால் விளங்கும்.

குருத்தோலை ஞாயிறு பவனிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இருவர் இருவராக 120 பிள்ளைகள் நடந்தால் வரிசை 60 மீட்டர் நீளும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். முன்னால் எடுத்த பாட்டு கடைசிப் பிள்ளைக்கு நொடியில் ஆறில் ஒரு பங்கு பிந்திக் கேட்கும், அவர்கள் குரல் முன்னால் திரும்பிவர அதே அளவு இன்னும் பிந்தும். பாட்டு கிழிவது இதனால்தான், பிள்ளைகள் கவனக்குறைவால் அல்ல. பாட்டை எடுக்கிறவரையும் தாளம் போடுகிறவரையும் முன்னால் விடாமல் வரிசையின் நடுவில் நடக்கவிடுங்கள், தாமதம் பாதியாகும். வரிசையை நால்வர் நால்வராகச் சுருக்கினால் இன்னும் பாதி. தெரு குறுகலாக இருந்தால் சரணத்தைப் பெரியவர்கள் பாடட்டும், பிள்ளைகள் ஓசன்னா வரும் அடியை மட்டும் பாடட்டும்.